தண்ணீரில் பூத்த மல்லிகை

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? எனக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

சென்ட்டை மணிக்கட்டில் தடவி, அதன் மணம் மாறுவதைச் சொல்வதுதானே என் வேலை? முதலில் எலுமிச்சைத் தோல், அரை மணியில் ரோஜாவும் மல்லிகையும், சாயங்காலம் சந்தனம். பரீட்சைக்குப் படித்ததுபோல மனப்பாடம் என்பதால் ஒப்பித்தே சமாளித்தேன். நேற்று மேலாளர் அக்கா சந்தேகப்பட்டு வெறும் தண்ணீரைத் தடவிவிட்டார். அதற்கும் ஒப்பித்தேன்.

"ஏம்மா, தண்ணியிலகூட உனக்கு மல்லி பூக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த மாதம் மறுபடி சோதனை வைப்பார்களாம். அதிலும் தவறினால் வேலை இல்லை.

பெருங்காயம் ஒரு கட்டி அனுப்பு அம்மா. அதுவும் மணக்காவிட்டால் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்பாவிடம் சொல்லாதே. பேருந்து வந்துவிட்டது.

உன் மகள்