மாலை போட்ட பிக்கப்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். முழங்கால் வலி தேவலையா?

நான் ஓட்டும் ஆபீஸ் பிக்கப்பில் யாரோ பெரிய டயர் மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கனத்துக்கு பிரேக் போதவில்லை. பெரிய பிரேக் மாற்றச் சொல்லி பெருங்களத்தூர் ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நேற்று போனால் வண்டிக்கு மாலை, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம். பிரேக் மாற்றியதற்கு எதற்கு இவ்வளவு பூஜை என்று அதைப் பார்த்ததும்தான் சந்தேகம் வந்தது.

"புது பிரேக்கு மேடம், பழத்த நசுக்கினு கெளம்புங்க," என்றார் மெக்கானிக்.

"சக்கரத்தைக் கழற்றிக் காட்டுங்க."

"பூஜை போட்டத கழட்டக்கூடாது மேடம்."

"சாமிகிட்ட நான் சொல்லிக்கிறேன்."

உள்ளே பழைய பிரேக்தான், சிவப்புப் பெயிண்ட் அடித்து. புதியதை மாட்டும்வரை அங்கேயே நின்றேன். இப்போது நன்றாகப் பிடிக்கிறது, கவலை வேண்டாம்.

அடுத்த முறை இங்கே வரும்போது உங்கள் டார்ச்சை எடுத்து வாருங்கள். என் போனிலும் விளக்கு இருக்கிறது; வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கையில் பிடித்துக்கொள்ளத்தான் ஆளில்லை.

ஆபீசில் கூப்பிடுகிறார்கள்.

நாகலக்ஷ்மி