ஒட்டிக்கொண்ட பெயர்கள்

அரியலூர்,
14.3.2001

அன்புள்ள மணிவேல் அண்ணனுக்கு, தங்கை சத்யா வணக்கத்துடன் எழுதுவது.

கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் எல்லோருடைய செருப்பும் கிடக்கும். சென்டரை நடத்தும் உன் நண்பர் செல்லதுரை சாரின் ஷூ மட்டும் இருக்காது. கூட்டித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்த அன்று முதலில் என் கண்ணில் பட்டது அதுதான். தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடும் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறார். அவர் ஷூவில் ஒட்டுவது மட்டும் விபூதி போலிருக்கிறது.

முந்தாநாள் நீ போனில், "ஒரு சாரிதானே, சொல்லிட்டுப் போயேன்" என்றாய். மளிகைக்கடை போனில் அத்தனை பேர் பார்க்கப் பேச எனக்கு வராது. 'ம்' என்றேன். அது சம்மதம் இல்லை அண்ணா. உன் நண்பர் சிங்கப்பூருக்குச் சொல்லி அனுப்பியது வேறு, இங்கே நடந்தது வேறு.

சென்டரில் 'சி' என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி சொல்லித்தருகிறார்கள். நான் கண்ணாடிக் கதவைத் துடைக்கும்போது பாடம் காதில் விழும். ஒரு நாள், இரண்டு சொல்லை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி என்று உன் நண்பர் நடத்தினார். அதற்கு 'ஸ்டிரிங் கேட்' என்று ஒரு கட்டளையாம். கம்ப்யூட்டருக்குள் சொல்லைப் போட்டுவைக்கும் டப்பாவில் ஏற்கெனவே இருக்கும் சொல்லின் வாலில் புதுச் சொல்லைக் கொண்டுபோய் ஒட்டிவிடும். இவ்வளவுதான் விஷயம். அதற்குப் போர்டு நிறைய எழுதி, தானே கண்டுபிடித்ததுபோல ஏசி அறையிலும் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கொளஞ்சி என்று அங்கே படிக்கும் பெண், "சார், அடுத்த பேரு போடறதுக்கு முன்னாடி டப்பாவக் காலி பண்ண வேணாமா? இல்லன்னா பழசு வால்லயே போயி ஒட்டுமே" என்று கேட்டாள். "நீ எனக்குப் பாடம் எடுக்குறியா? உக்காரு" என்றார். பாடம் முடிந்தது.

அப்புறம் சர்டிபிகேட் கொடுக்கும் விழா வந்தது. ஒவ்வொரு பெயராக டைப் அடிப்பது அவர் தகுதிக்குக் குறைவாம். அதனால் தானே ஒரு புரோகிராம் எழுதினார். அச்சாகி வந்ததை ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. அவர் எழுதியது தப்பாகுமா? சுருட்டி ரிப்பன் கட்டிவிட்டார்.

சிறப்பு விருந்தினர் ஒரு ரைஸ்மில்காரர். முதல் தாளைப் பிரித்து அய்யம்பெருமாள் என்று வாசித்தார். அந்தப் பையன் போய் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தான். இரண்டாவது தாளில் 'அய்யம்பெருமாள்கொளஞ்சி' என்று இருந்தது. கொளஞ்சி எழுந்து போனாள். பின்னாலேயே அய்யம்பெருமாளும் மறுபடி போனான். மூன்றாவது தாளுக்கு மூன்று பேர். ரைஸ்மில்காரர் மூச்சைப் பிடித்து வாசிக்க வாசிக்க, முதல் பந்திக்கு முந்துவதுபோல மேடையில் ஆள் சேர்ந்துகொண்டே போனது. கடைசித் தாள் தர்மனுடையது. மற்றவர்கள் பெயரிலேயே தாள் நிறைந்து, அவன் பெயருக்கு இடமில்லாமல் போய்விட்டது. "எம்புள்ள பேரு எங்கய்யா?" என்று அவன் அம்மா கீழேயிருந்து கத்தவும், மொத்தச் சனமும் சிரித்தது.

உன் நண்பர் மைக்கை வாங்கினார். "எங்க சென்டர் கூட்டுற புள்ள கீபோர்ட ஈரத்துணியால தொடச்சிடுச்சு. ஈரம் உள்ள எறங்கி எழுத்தெல்லாம் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிச்சு" என்றார். ரைஸ்மில்காரர் தலையாட்டினார். ஈரநெல்லைப் பார்த்துப் பழகியவர் அல்லவா. எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது நான் தண்ணீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் அவர் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரே ஒரு வரி சேர்த்தார். டப்பாவைக் காலி செய்யும் வரி. பின்னால் நின்று பார்த்த கொளஞ்சிதான் என்னிடம் சொன்னாள். அதன் பிறகு தாளுக்கு ஒரு பெயர்தான் வந்தது. நான் ஈரத்துணியால் துடைத்த அதே கீபோர்டுதான். அதற்குள் ஈரம் காய்ந்துவிட்டது போலும். ஆனாலும், அப்பா வந்து என்னோடு சேர்ந்து எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டால்தான் எனக்கு வேலை நிலைக்கும் என்று வீட்டுக்குச் சொல்லி அனுப்பினார்.

நீ எனக்காக அவரிடம் பேசாதே அண்ணா. பள்ளியில் படித்தபோது நோட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போய், நீ கேட்டுக்கு வெளியிலேயே நிற்பாயே, அந்த நட்பு போதும். எனக்குப் பருத்தி எடுக்கத் தெரியும். நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். வெயிலில் நிற்கும் வேலை என்றாயே, தலைக்குத் துணி கட்டிக்கொள்.

இன்று காலை அப்பா கீழப்பழுவூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். மற்றவர்கள் சென்டர் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அப்பா மாடிப்படிக்குக் கீழே, ரோட்டோரமே கழற்றிவிட்டார். உள்ளே வந்ததும் துண்டு தோளிலிருந்து இடுப்புக்குப் போனது. உன் நண்பர் நாற்காலியில் சாய்ந்து, ஷூக்காலை ஆட்டிக்கொண்டே, "என்னய்யா, புள்ளய இப்புடி வளத்து வச்சிருக்க?" என்றார். உன் வயதுக்காரர். அப்பா கும்பிட்டார். "தெரியாம பண்ணிடுச்சு சார், மன்னிச்சுக்கங்க" என்றார். மாணவர்கள் எல்லோரும் குனிந்துகொண்டார்கள். "இப்ப நீ சொல்லு" என்று அவர் என்னைப் பார்த்தார்.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே.

நான் வெளியே வந்து என் செருப்பை மாட்டிக்கொண்டேன். கீழே இறங்கி, ரோட்டோரம் கிடந்த அப்பாவின் செருப்பை எடுத்துக்கொண்டு படியேறினேன். செருப்புக் காலோடு ஏசி அறைக்குள் நடந்துபோய், நான் காலையில் துடைத்துவிட்ட தரையில், அப்பாவின் காலடியில் அதைப் போட்டேன்.

இப்படிக்கு,
சத்யா