திங்கட்கிழமைப் போர்வை

5.7.1993, திங்கள்

காலை 7.05-க்கு ஊசி குத்தி இயந்திரத்தில் மாட்டினார்கள். 7.50-க்கு நடுக்கம். 8.20-க்குக் காய்ச்சல் 38.9. கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடி டயாலிசிஸ் நிலையத்தில், இரத்தம் வெளியே கழுவப்பட்டுக்கொண்டிருக்க, என் உடம்பு தனியாகத் தைப்பூசம் கொண்டாடியது. பத்தரைக்கு எல்லாம் அடங்கிவிட்டது. மூன்று மாதமாக இதே கூத்து.

7.7, புதன்

நடுக்கம் இல்லை. டாக்டர் ராமசுப்பிரமணியன் புதன்தோறும்தான் வருவார். என் இடக்கையில் பதித்திருக்கும் செயற்கைக் குழாயை, பாசாரில் கத்தரிக்காய் பொறுக்குபவர் போல அமுக்கிப் பார்த்தார்.

"இரத்தச் சோதனையில கிருமி இல்ல. ஆனா காய்ச்சல் வருது. இந்தக் குழாய்லதான் ஒளிஞ்சிருக்கணும். 23-ஆம் தேதி எடுத்துடலாம்."

"எடுத்துட்டு?"

"கழுத்துல தற்காலிகமா ஒண்ணு போடலாம்."

"அதுக்கப்புறம்?"

கூரையைப் பார்த்தார். வலக்கை நரம்புகள் எப்போதோ கைவிட்டுவிட்டன. இதுவும் போனால் எதில் மாட்டுவார்கள்? காதிலா?

வீட்டில் மனைவி சிவகாமியிடம் தேதியை மட்டும் சொன்னேன். அவளும் கூரையைப் பார்த்தாள்.

9.7, வெள்ளி

காய்ச்சல் இல்லை. என் கைக்குள் ஒளிந்திருக்கும் கிருமிக்குப் புதனும் வெள்ளியும் விடுமுறை போலும்.

12.7, திங்கள்

7.05 ஊசி. 7.52 நடுக்கம். போர்வையை இழுத்தபோது பக்கத்துக் கட்டிலில் கார்த்திகேசுவும் இழுத்தார். முன்னாள் லோரி ஓட்டுநர், குளிருக்கு அஞ்சும் உடம்பு அல்ல.

"உங்களுக்கு என்ன அண்ணே?"

"திங்கக்கிழம இந்த ஏர்கோன் பேய் மாதிரி லா."

எண்ணினேன். எட்டுக் கட்டில், எட்டுப் போர்வை. இராஜம்மாவுடையதில் கரடி படம்.

தாதி சந்திரகலா சொன்னாள்: "திங்கள்னா ஏர்கோனக் கொறச்சுதான் வெக்கிறேன் அங்கிள். அப்பவும் குளிருதுங்கறாங்க."

கார்த்திகேசுவின் பக்கம் திரும்பினேன். "காய்ச்சல்னு ஏண்ணே சொல்றதில்ல?"

"சொன்னா இன்னொரு ஊசி. சும்மா கெடந்தா பத்து மணிக்குத் தானாப் போயிடும்."

புதன்கிழமை யாரும் போர்வை கொண்டுவருவதில்லை. நானும்தான். ஞாயிறு மாலை சிவகாமி மடித்துப் பைக்குள் வைக்கிறாள், நான் தூக்கி வருகிறேன். முப்பத்தொரு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன். ஏன் என்று ஒருநாள் கேட்கவில்லை. மடையன்.

14.7, புதன்

டாக்டரிடம் சொன்னேன். ஏர்கோன்தான் என்றார். திங்கள் காலை வந்து பாருங்கள் என்றேன்.

"திங்கள் எனக்கு வேற வேலை இருக்கு."

"எனக்கு வேற கை இல்ல, டாக்டர்."

19.7, திங்கள்

வந்தார். கையில் காப்பியும் முகத்தில் சலிப்பும். 7.55-க்கு எட்டு வாயிலும் வெப்பமானி. ஆறு பேருக்கு 38-க்கு மேல். காப்பி ஆறிப்போனது.

இயந்திரங்களுக்குத் தண்ணீர் வரும் குழாய்களைக் கடைசியாக எப்போது மருந்து ஊற்றிக் கழுவினீர்கள் என்று சந்திரகலாவைக் கேட்டார். அவள் பதிவேட்டைப் புரட்டினாள்; கடைசிப் பதிவு மார்ச்சில்.

ஞாயிறு மூடிக் கிடக்கும் இடம். சனிக்கிழமைத் தண்ணீர் திங்கள் வரை குழாயிலேயே நிற்கிறது. அதைச் சோதனைக்குப் போத்தலில் பிடித்துக்கொண்டு போனார்.

22.7, வியாழன்

டாக்டரே தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் சொன்னதை அப்படியே குறிக்கிறேன்: "கிருமி உங்க கையில இல்ல, எங்க தண்ணிக் குழாய்ல. இயந்திரத்துச் சவ்வ அதால தாண்ட முடியாது. ஆனா அது கக்குற நஞ்சு தாண்டுது. உடம்பு, கிருமியே உள்ள வந்துட்டதா நெனச்சு சண்டைக்கு நிக்குது. அதான் நடுக்கம், காய்ச்சல். இரத்தத்துல தேடினா எப்படிக் கெடைக்கும்?"

"நாளைக்கு அறுவை?"

"இல்ல. வழக்கம்போல வாங்க. ஞாயித்துக்கிழம குழாயெல்லாம் கழுவுறோம். இனி வாராவாரம்."

மன்னிப்பு என்ற சொல் உரையாடலில் இடம்பெறவில்லை. நானும் கேட்கவில்லை. சிவகாமி கேட்கச் சொன்னாள்.

26.7, திங்கள்

7.05 ஊசி, என் கையின் அதே பழைய குழாயில். 7.50 — ஒன்றுமில்லை. 8.20 — 36.8.

எட்டரைக்குக் கார்த்திகேசு போர்வையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தாதியைப் பார்த்துக் கத்தினார்: "மிஸி, ஏர்கோனக் கொஞ்சம் கூட்டுங்க லா. வேர்க்குது."