உலை வைக்கும் நேரம்

ஏளா சலேத்து,

இதை உன் நாளைய சாப்பாட்டுப் பைக்குள் வைக்கிறேன். நேரில் சொன்னால் நம் மகள் சிரிப்பாள்.

நீங்கள் இருவரும் மலையில் நடக்கிறீர்கள். மூச்சிரைப்பால் ஏற முடியாத நான், வேனில் முன்னால் போய் நீங்கள் தங்கும் இடத்தில் சமைத்து வைக்கிறேன். ஆறு நாளாகிவிட்டது. இரைப்பு இப்போது குறைந்திருக்கிறது, அதைக் கேட்காதே.

தூத்துக்குடியில் நான் கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கப் போன நாளெல்லாம், படகு கண்ணில் பட்ட பிறகுதான் நீ உலை வைப்பாய். "பசியோட வந்திருக்கேன், இன்னுமா சோறு ஆகல?" என்று கத்துவேன். நீ ஒரு நாளும் காரணம் சொன்னதில்லை.

இன்று அரிசியைக் களைந்து வைத்துவிட்டேன். அடுப்பைப் பற்றவைக்கத்தான் மனம் வரவில்லை; கண் மலைப்பாதையிலேயே இருந்தது. மேல் வளைவில் உன் சிவப்புத் தொப்பி தெரிந்த பிறகுதான் உலை வைத்தேன்.

வந்ததும் நீ கேட்டாய்: "இன்னுமா சோறு ஆகல?"

நானும் காரணம் சொல்லவில்லை.

இப்படிக்கு,
உன் சமையல்காரன்