நான் சொன்ன நகர்வு

சனி, 14 மே 2016. ஓர்லிகோன்.

இன்று தோற்றோம். என்னால்தான்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்துக் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் டாரல் கறுப்பினத்தவர். அமெரிக்காவில் பந்தைக் கையிலேந்தி ஓடும் ஆட்டக்காரர்களைப் பயிற்றும் வேலையைத் தாண்டி அவரை விடவில்லையாம். களத்தில் அணி அடுத்து ஓடுவதா எறிவதா என்று நகர்வைச் சொல்பவர்தான் தலைமைப் பதவிக்கு ஏறுவாராம். நகர்வு சொல்லும் அந்த இடம் எப்போதும் ஒரு வெள்ளைக்காரருக்கே போகுமாம். அதனால் இங்கே துணைப் பயிற்சியாளர்களான எங்கள் எல்லோருக்கும் அந்த வேலையை முறைவைத்துத் தருகிறார்.

இன்று கடைசிக் கால்பகுதி என்னுடைய முறை. ஹெட்செட்டை என் தலையில் மாட்டிவிட்டு ஒதுங்கி நின்றார். வெற்றிக்குத் தாண்டவேண்டிய கோடு பக்கத்தில்தான். பந்தோடு ஓடியிருந்தால் போதும். நான் எறியச் சொன்னேன். பந்து எதிரணிக்காரன் கையில் விழுந்தது.

"இது யார் சொன்ன நகர்வு?" என்று கழகத் தலைவர் கத்திக்கொண்டு வந்தார். டாரல் பழியைத் தான் ஏற்பார் என்று எனக்கொரு நப்பாசை.

"இவர் சொன்னது. அடுத்த சனியும் இவர்தான் சொல்வார்," என்றார் டாரல்.

தலைவர் திரும்பி நடந்தார். அவர் போனபின் டாரல் என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்குப் பிழைவிடக்கூட ஒருவரும் இடம் தரவில்லை."

எவ்வளவு பெரிய மனிதர்!

வீட்டில் மனைவி சுதா தேத்தண்ணியை நீட்டியபடி கேட்டாள்.

"என்னப்பா, தோத்துப்போனியளோ?"

"ஓம்."

"பிறகேன் சிரிக்கிறியள்?"

நித்திரை வரவில்லை. அடுத்த சனி அதே கோட்டுக்குப் பக்கத்தில் நின்றால் ஓடச் சொல்வதுதான் புத்தி.

எறியத்தான் சொல்லுவேன் போலிருக்கிறது.