கழுவாதே என்று எழுதிய மூடி

மேசை இழுப்பறையைக் காலி செய்தபோது அந்த மூடி கிடைத்தது. சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லாத நீல மூடி. அதைச் சுற்றி ஒட்டிய தாளில் உன் கையெழுத்து: ‘கழுவாதே’. ஆய்வகத்தில் எல்லோரும் ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுவோம். நீ மட்டும் தமிழில் எழுதுவாய். “இங்கிலீஷ்ல எழுதினா நீ படிக்க மாட்டடா” என்பாய். தமிழிலும் நான் படிக்கவில்லை, பார்த்தாயா.

இருவரும் ஒரே ஆண்டு ஆய்வுக்குச் சேர்ந்தோம். புரதத்தைக் கரைத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மூடி போட்டு, பெரிய காந்தத்துக்குள் இறக்கினால் அதன் அணுக்கள் மிக மெலிதாகப் பதில் சொல்லும். அந்தப் பதில் ‘நாய்ஸ்’ என்கிற இரைச்சலில் மூழ்கிவிடாமல் பிடித்தெடுப்பதுதான் நம் வேலை. முத்தியால்பேட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த வியர்வை காய்வதற்குள் நீ இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிடுவாய். காந்தம் இழுக்குமே என்று பெல்ட்டைக் கழற்றி வாசலில் மாட்டியிருப்பாய். எழுந்து போகும்போதெல்லாம் ஒரு கை பேண்ட்டைப் பிடித்திருக்கும்.

ஒரு நாள், திரையில் ஓடிய கோட்டின் ஓரத்தில் ஒரு சின்ன மேட்டைக் காட்டினாய். “இங்க ஒருத்தன் ஒக்காந்துனு இருக்கான் பாரு. இன்னும் ரெண்டு நாள் ஓடட்டும்டா. திருப்பித் திருப்பிக் கேட்டா நாய்ஸ் அடங்கும், நெஜம் நிமிரும்.”

இயந்திரம் யாருக்கு எத்தனை நாள் என்று எழுதும் நோட்டு என்னிடம்தான் இருந்தது. அடுத்த முறை என்னுடையது. “அது வெறும் நாய்ஸ்டா” என்றேன். அதோடு விட்டேனா? கோட்டை வழவழப்பாக்கும் கணக்கை ஒரு படி கூட்டினேன். படம் அழகாகிவிட்டது, உன் மேட்டைக் காணவில்லை. “இன்னாடா, இஸ்திரி போட்டுட்ட?” என்று மட்டும் கேட்டாய். மறுநாள் குழாய் தட்டுப்பாடு. உன் குழாயைக் கழுவி என் புரதத்தை ஊற்றினேன். மூடியை ஏன் எடுத்து வைத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

நீ சண்டை போடவில்லை. அந்த ஆண்டே ஆய்வை விட்டுவிட்டு ஒரு பள்ளியில் வாத்தியாராகப் போய்விட்டாய். வழியில் பார்க்கும்போதெல்லாம், “இன்னாடா, மிஷின் நல்லா ஓடுதா?” என்பாய். மேட்டைப் பற்றிக் கேட்டதே இல்லை. கேட்டிருந்தாலும் மழுப்பித்தான் இருப்பேன். போன ஆண்டு நீ இறந்தும் போய்விட்டாய்.

சென்ற வாரம் என் மாணவி அதே புரதத்தைப் புதிதாகத் தயாரித்து, குளிரூட்டிய புதுக் கருவியில் மூன்று நாள் ஓடவிட்டாள். அதே இடத்தில் நீ காட்டிய அந்த ஒருத்தன் உட்கார்ந்திருந்தான், நன்றாக நிமிர்ந்து.

“இது நாய்ஸா சார்?” என்றாள்.

“இல்லம்மா. என் கூட்டாளி இத எப்பவோ பாத்துட்டான்.”

இந்த ஒரு வரியை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். முத்தியால்பேட்டை என்ன அவ்வளவு தூரமா? திரும்ப ஓட்டிப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டுகள் இருந்தன. நீ சரியாகச் சொல்லியிருப்பாயோ என்ற பயத்தில்தான் ஓட்டவில்லை.

“குழாயக் கழுவிடட்டுமா சார்?” என்று கேட்டாள். கையில் வாங்கி, உன் மூடியை அதில் மாட்டினேன். சரியாகப் பொருந்தியது.

இந்த முறை படித்துவிட்டேன்டா.