புது இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டாயே

அன்புத் தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

நீ இரண்டு நாளாக அழைத்துக்கொண்டே இருக்கிறாய், நான் எடுக்கவில்லை. போன் கெட்டுப்போய்விட்டது என்று அம்மா சொன்னது என் ஏற்பாடு. போனுக்கு ஒரு கேடும் இல்லை. உன் குரலைக் கேட்டால் மறுபடியும் பொய்தான் வாயில் வரும். அதனால்தான் எழுதி, தாளைப் படம் பிடித்து அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. தையல்காரன் கை நேராகப் போவது துணியில் மட்டும்தான்.

அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. கழுத்தில் அடையாள அட்டையோடு உன் அலுவலக வாசலில் நிற்கிறாயே, அந்தப் படத்தை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டி உயிரை வாங்குகிறாள். "எந்தெந்த நாட்டு நகராட்சியெல்லாமோ சேர்ந்து வச்சிருக்கிற சங்கமாம், அதுல என் பொண்ணு பயிற்சி எடுக்கிறா" என்று ஒரே பெருமை. காதை மூடாமல் குளிரில் திரிகிறாய் என்பது அவள் கவலை.

சரி, சுற்றி வளைப்பானேன். பேருந்து நிலையச் சாலையில் என் தையல் கடையோடு சேர்த்து வடக்குப் பக்கக் கடைகளை எடுத்துவிட்டு நடைபாதை போட்டதற்கு நம் நகராட்சி உங்கள் சங்கத்தில் பரிசு கேட்டிருக்கிறது, கடைக்காரர்களுக்கு நல்ல மாற்றிடம் கொடுத்ததாக எழுதியிருக்கிறார்கள், ஊர்க்காரி என்பதால் உன்னை விசாரிக்கச் சொன்னார்கள் என்று போன மாதம் கேட்டாய். "புது இடம் எப்படிண்ணா இருக்கு?" என்றாய். "ஜோரா இருக்கு, முன்னைவிட வியாபாரம் ஜாஸ்தி" என்று வாய் கூசாமல் அளந்துவிட்டேன்.

புது இடம் லாரிக் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறதம்மா. ஈ காக்காய்கூட எட்டிப் பார்ப்பதில்லை. வேலையில்லாமல் என் சட்டையை நானே பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு துணிக்கடை மாடியில் கூலிக்குப் பொத்தான் தைக்கிறேன். அம்மாவுக்கே இதில் பாதிதான் தெரியும்.

உண்மையைச் சொன்னால் நீ படிப்பையும் பயிற்சியையும் போட்டுவிட்டு ஓடிவருவாய் என்று பயந்தேன். தூரத்தில் இருக்கிற பிள்ளையிடம் நம் வீட்டில் யார்தான் கஷ்டத்தைச் சொல்லியிருக்கிறோம்? நீ கேட்டது அலுவலகக் கேள்வி என்று இந்த மரமண்டைக்கு அப்போது உறைக்கவே இல்லை.

என் பேச்சை நம்பி நீ சங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாய். இப்போது நகராட்சி வாசலில் உன் படத்தோடு பெரிய பேனர் தொங்குகிறது. "நம் ஊர்ப் பெண்ணே சாட்சி" என்று போட்டிருக்கிறார்கள். பரிசு உறுதி என்ற தைரியத்தில் தெற்குப் பக்கக் கடைகளையும் அதே கொட்டகைக்குப் பின்னால் தள்ளப் போகிறார்கள். நம் பழக்கடை அக்காவின் கடையும் அதில் ஒன்று. என்னை வழியில் நிறுத்தி, "ஏம்ப்பா, பாப்பாவா அப்படிச் சொல்லுச்சு? நம்ப முடியலையே" என்றார். அந்த நிலையிலும், "அங்க நேரத்துக்குச் சாப்பிடுதா?" என்று கேட்டார் பார், நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்குத் தெரியாமல் இந்தத் தாளை எடுத்து எழுத உட்கார்ந்தேன்.

பரிசு கொடுப்பதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்றாயே, அதற்குள் இந்தக் கடிதத்தை உன் மேலதிகாரிக்கு ஒரு வரி விடாமல் மொழிபெயர்த்துச் சொல். அண்ணன் ஏமாற்றிவிட்டான் என்று சொல். என்னை நல்லவனாக்கப் பார்க்காதே. விசாரிக்காமல் எழுதினாயா என்று உன்மேல்தான் பாய்வார்கள், தெரிகிறது. பயிற்சியே போனாலும் போகும். நீ எத்தனை ராத்திரி முழித்துப் படித்து வாங்கிய இடம் அது என்று பார்த்தவன் நான். அதைப் போனால் போகட்டும் என்று சொல்ல எனக்கு எந்த உரிமையும் இல்லை.

நாளைக்கு நான் பழக்கடை அக்காவிடம் போய், பொய் சொன்னது பாப்பா இல்லை, நான்தான் என்று சொல்லிவிடுவேன். இங்கே அவ்வளவுதான் என்னால் முடியும். அங்கே நீ சொன்னால்தான் கேட்பார்கள். சொல்லிவிடு தாயே.

நீ எங்கே போனாலும் தலைநிமிர்ந்து நிற்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் அண்ணன்.